சம்பந்தியாக வேண்டியவரைப் பங்காளியாக்கியவன் எழுதுவது

உயர்திரு ஜெயச்சந்திரன் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு,

விருதுநகரிலிருந்து தனுஷ்கோடி தலைகுனிந்து வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே கடவுள் புண்ணியத்தில் என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியார் சொர்ணலட்சுமி அம்மாளும், பிள்ளை ராம்குமாரும் சுகமா என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் அந்தச் சுகத்தைக் கெடுத்தவனே நான் என்பதால், விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. தங்களை எப்படி அழைப்பது என்று யோசித்ததிலேயே இரண்டு காகிதம் கிழிந்துபோனது. சம்பந்தி என்று போட்டால், "யாருய்யா சம்பந்தி?" என்று கேட்பீர்கள். பங்காளி என்று போட்டால் அடிக்கவே வருவீர்கள். அண்ணாச்சி என்றால் நம்ம பக்கத்தில் பலசரக்குக் கடைக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் யாருக்கும் பொருந்தும் என்பதால் அதையே வைத்துக்கொண்டேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பேசத்தான் பார்த்தேன். மணி அடிக்காமலே கட்டாகிறது. "உங்க நம்பர பிளாக் பண்ணிருக்காக மாமா" என்று என் மருமகள் ஸ்ரீமதி சொன்னாள். பண்ணியது நியாயம்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவே, நம் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவரான மிளகாய் வத்தல் கமிஷன் கடை மீரான் மைதீன் பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் முகத்துக்காகவாவது பிரித்துப் படியுங்கள்.

நிச்சயதார்த்த மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துக் கத்திய ஆள் என்கிற அளவில்தான் என்னைத் தங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் எனக்கும் ஒரு மரியாதையான வாழ்க்கை இருந்தது. தாங்கள் நடத்துகிற மாதிரி ஒரு பிரஸ்ஸில், சிவகாசியில், கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. 'இன்னாருடைய பேரனும் இன்னாருடைய மகனுமாகிய' என்று வருஷக்கணக்காகப் படித்துப் படித்து, ஓர் ஆளைப் பார்த்தால் முகம் மறந்துபோகும், தாத்தா பேர் மறக்காது என்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். ரிட்டயரான பிறகு வீட்டில் உட்கார்ந்தால், "சும்மா இருக்குறதுக்கு வெங்காயமாச்சும் உரிங்க" என்று வீட்டுக்காரி தட்டை முன்னால் வைக்கிறாள். அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ ஒரு புண்ணியவான், குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். அதில் ஒருவர் எழுதினார்: நம்ம சனங்கள் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள், ஆகவே ஒரே பேர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருகிற இரண்டு குடும்பங்களைக் கண்டால், எந்தக் காலத்திலோ பிரிந்துபோன பங்காளிகளோ என்று சந்தேகப்படலாம். சந்தேகப்படலாம் என்றுதான் அந்த மனுஷர் எழுதினார் அண்ணாச்சி. நான் அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் பேரும் அதற்கு வாகாக அமைந்துவிட்டது. முருகன், செல்வம் என்றால் தெருவுக்குப் பத்துப் பேர். தனுஷ்கோடி அப்படியா? என் தாத்தா தனுஷ்கோடி, நான் தனுஷ்கோடி, என் பேரனும் சர்டிபிகேட்டில் தனுஷ்கோடிதான். மருமகள் மாமனார் பேரைச் சொல்லி, "ஏலே தனுஷ்கோடி, பல்லு வெளக்குனியாலே" என்று வாசலில் நின்று கத்த முடியாது அல்லவா, அதற்காக வீட்டில் அவன் சரவணக்குமார். இந்தப் பேர் எங்கே கண்ணில் பட்டாலும் அங்கே நம்ம ரத்தம் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். என் தம்பி சண்முகவேல், அதாவது பெண்ணைப் பெற்றவன், அப்போதே சொன்னான்: "அண்ணே, பேர வச்சுச் சொந்தம் பாத்தா நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு காமராஜ் இருக்கான். விருதுநகரே பங்காளியாயிரும். ஒருத்தனுக்கும் பொண்ணு கெடைக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் மகள் நிச்சயதார்த்தத்திலேயே அது நடக்கும் என்று பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்.

முதலில் பலியானது என் தலைமுடி. மல்லாங்கிணறுக்கு ஒரு வேலையாகப் போனவன், பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன். இறந்தவர் தனுஷ்கோடி. கீழே பேரன்மார் வரிசையிலும் ஒரு தனுஷ்கோடி. போன காரியத்தை விட்டுவிட்டு நேராக இழவு வீட்டுக்குப் போய், "நான் பங்காளி" என்றேன். இழவு வீட்டில் யார் ஆதார் கார்டு கேட்பார்கள்? தோளைப் பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன், பங்காளி ஆட்களோடு என்னையும் உட்காரவைத்து மொட்டை போட்டுவிட்டார்கள், மீசையும் போனது, குளித்து ஈர வேட்டியோடு நிற்கிறபோதுதான் அவர்களில் ஒருத்தர் நிதானமாக என்னைப் பார்த்து, "ஆமா, நீங்க எந்த வழியில பங்காளி?" என்று கேட்டார். நான் பேர் வழியில் என்றேன். அவர்கள் எங்கிருந்தோ பிழைக்க வந்து அங்கே தங்கிய குடும்பம், அவர்களுக்கும் எங்களுக்கும் நாலு தலைமுறைக்குக் கொடுக்கல் வாங்கலே கிடையாது. மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி வயிற்றில் அடித்துக்கொண்டு, "யாரு போனா? ஐயோ, யாரு போனா?" என்றாள். பங்காளி என்றேன். "எந்தப் பங்காளி?" என்றாள். தெரியலை என்றேன். அந்த வாரம் குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்க வெண்கலப் பானையெல்லாம் விளக்கி வைத்திருந்தாள். தீட்டா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியாமல் பானை அப்படியே பரணுக்குத் திரும்பிப் போனது.

அதிலாவது புத்தி வந்திருக்க வேண்டும். முடி வளர்ந்தது, பைத்தியமும் கூடவே வளர்ந்தது.

இனி நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது. தாங்கள் மேடையில் இருந்தீர்கள், கீழே உட்கார்ந்திருந்தவன் மண்டைக்குள் என்ன ஓடியது என்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பேச்சு எடுத்த நாளிலிருந்து எங்களுக்கு மாப்பிள்ளை ராம்குமார்தான், தங்கள் தகப்பனாரைத் தாங்கள் 'அப்பா' என்றும் அம்மாள் 'மாமா' என்றும்தான் சொன்னீர்கள். தங்கள் சித்தப்பா சோலைமலை ஐயா எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏழாயிரம்பண்ணை தனுஷ்கோடி அவர்களின் பேரனும் ஜெயச்சந்திரன் அவர்களின் மகனுமாகிய ராம்குமார் என்ற தனுஷ்கோடிக்கு" என்று வாசித்தபோதுதான் முதல் தடவையாக அந்தப் பேர் என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பக்கத்தில் தங்கள் வீட்டு அம்மாள் ஒருத்தர் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம், "தனுஷ்கோடி ஐயாவைப் பெத்த ஆத்தா பேரு என்ன?" என்றேன். லட்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "ஆவுடைத்தாய்" என்றார். என் தாத்தாவைப் பெற்றவளும் ஆவுடைத்தாய்! அந்தக் காலத்தில் தெற்கே கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு ஆவுடைத்தாய் மேல்தான் விழும் என்கிற சாதாரண விஷயம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

தம்பியை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கலாம். தங்களைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். மேடையில் மைக் சும்மா இருந்தது அண்ணாச்சி, அதுதான் என்னைக் கெடுத்தது. தட்டு மாற்றக் கை நீட்டுகிற நேரத்தில் ஏறி, "நிப்பாட்டுங்க! இந்த ரெண்டு பிள்ளைகளும் அண்ணன் தங்கச்சி!" என்று கத்தினேன். சொர்ணலட்சுமி அம்மாள் நீட்டிய தட்டை வைக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. தம்பி ஓடிவந்து, "அண்ணே, அவுக சாமி வேற, நம்ம சாமி வேற. குலதெய்வம் விசாரிக்காமலா பேசி முடிச்சோம்?" என்றான். அதற்கும் மைக்கிலேயே பதில் சொன்னேன்: "பஞ்சத்துல பிரிஞ்சு போன குடும்பம் சாமிய மாத்திக்கிறது உண்டு." யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அங்கேயே நான் உண்டாக்கினேன். பேர் ஒன்றாக இருக்கிறது, சாமி வேறாக இருக்கிறது என்றால் தப்பு சாமியிடம்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நம்ம சனங்களுக்கு இந்த விஷயத்தில் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், பெரியவர்கள் எழுந்து துண்டை உதறி, "ஆற அமர விசாரிச்சுட்டுப் பேசுவோம்" என்றார்கள். பூவும் பழமும் வந்த காரிலேயே திரும்பி ஏறின. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். ஒரு பெரிய பாவத்தைத் தடுத்துவிட்டதாக நினைத்து, யாராவது கைதட்டுவார்கள் என்று மேடையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மைக் செட்டுக்காரர் வந்து வயரைச் சுருட்டினார்.

அதன் பிறகு தம்பி என்னோடு பேசுவதில்லை. தம்பி சம்சாரம், நாங்கள் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியோடு திருப்பி அனுப்பிவிட்டது. பஜாரில் நடந்தால் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம், "வாங்க பங்காளி" என்கிறான். டீக்கடையில் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, எனக்கும் எம்பொண்டாட்டிக்கும் தாத்தா பேரு ஒண்ணுதான். ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டார். சிரிக்கவேயில்லை, மனுஷன் நிஜமாகவே கேட்டார்.

நான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டால் எல்லோரும் காலில் விழுவார்கள் என்கிற நப்பாசையில் சாட்சி தேடிப் புறப்பட்டேன். முதலில் மீரான் மைதீன் பாயிடம் போனேன். நான் முழுக்கச் சொல்லி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, கையில் இருந்த வத்தலைக் கீழே போட்டார். "எங்க வாப்பாவோட வாப்பா மீரான் மைதீன். நானும் மீரான் மைதீன். அடுத்த தெருவுல ரெண்டு மீரான் மைதீன், பள்ளிவாசல் பக்கத்துல ஒண்ணு. ஒருத்தரும் எங்களுக்குச் சொந்தமில்ல. பிள்ளை வேணும்னு தர்காவுல நேந்துக்கிட்டவுக எல்லாரும் அந்தப் பேர வச்சாக. மொதமொதல்ல அந்தப் பேரு வீட்டுக்குள்ள எப்பிடி வந்துச்சுன்னு கேட்டீகளா?" என்றார். நான் கேட்கவில்லை. பேர் போகிற வழியைப் பார்த்தேனே தவிர, வந்த வழியைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறினேன். பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டம். அதில் ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த பெண்ணிடம், "மைக்குக்காரரு" என்றாள். சோலைமலை ஐயா வீட்டில் என்னைப் பார்த்ததும் குனிந்து செருப்பைத் தேடினார். போட்டுக்கொள்ளத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். நல்லவேளையாக ஒன்றுதான் கையில் கிடைத்தது, அதுவும் என் மேல் படவில்லை. மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு, தங்கள் தகப்பனாருக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்டேன். "எங்க ஆத்தாவுக்கு ரொம்ப நாளு பிள்ளை இல்லய்யா. ராமேஸ்வரம் போயி, அங்கன இருந்து தனுஷ்கோடிக்குப் போயி, கடல்ல முங்கிட்டு வந்தாக. அண்ணன் பொறந்துச்சு. அதான் பேரு. அந்தக் காலத்துல வயிறு தெறக்காதவுக எல்லாரும் அங்கனதான போனாக! அம்புட்டுப் பேரும் பங்காளியாலே?" என்றார்.

இதில் என்ன கொடுமை என்றால் அண்ணாச்சி, என் தாத்தாவுக்குப் பேர் வந்த கதையும் இதேதான். கேள்விப்பட்ட கதைகூட இல்லை, விசேஷ வீடுகளில் பந்திக்குப் பந்தி நானே சொல்லிப் பெருமைப்பட்ட கதை. எங்கள் ஆவுடைத்தாய் பிள்ளையில்லாமல் போய்க் கடலில் முங்கினதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தேன். இன்னொரு ஆவுடைத்தாயும் அதே கவலையோடு அதே தண்ணீரில் முங்கியிருப்பாள் என்று மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. நமக்குள் ரத்த சம்பந்தம் துளியும் கிடையாது. தங்கள் சாமியும் எங்கள் சாமியும் ஆதியிலிருந்தே வேறு வேறுதான். சோலைமலை ஐயா கடைசியில் மோர் கொடுத்துத்தான் அனுப்பினார், அந்த மோரைக் குடிக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆகையால் தங்கள் இருவர் காலிலும் விழுந்து கேட்டுக்கொள்வது என்னவென்றால், என் ஒருவன் கிறுக்குத்தனத்துக்காக என் தம்பி மகள் கீர்த்திகாவை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தட்டு மாத்துற நேரத்துல நின்னுபோன பொண்ணு என்று ஊர் வாயில் விழுந்தால் நாளைக்கு வேறு யார் வந்து கேட்பார்கள்? மறுபடி ஒரு நாள் குறியுங்கள். அதே ஹாலில் அதே மைக்கில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையில் மைக்கைக் கொடுக்கப் பயமாக இருந்தால் மைக் இல்லாமலே கேட்கிறேன், என் தொண்டை எப்படிப்பட்டது என்று தங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்கு நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை. வரலாம் என்றால் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறேன். வாட்ஸப் குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். வெங்காயமும் தினம் உரிக்கிறேன்.

தங்கள் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் இந்த வருஷம் லோடு லோடாகப் போக வேண்டும், மிஷின் ஒரு நாளும் படுக்கக் கூடாது, சொர்ணலட்சுமி அம்மாளுக்கு மனக்கஷ்டம் தீர வேண்டும், பிள்ளை ராம்குமார் பேரும் புகழுமாய் இருக்க வேண்டும் என்று தங்கள் சாமியையும் எங்கள் சாமியையும் தனித்தனியே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாத,
தனுஷ்கோடி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் கீர்த்திகா வந்தாள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு தம்பி வீட்டிலிருந்து எங்கள் வாசல் மிதித்த ஒரே ஆள் அவள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து இதைப் படிக்கக் கொடுத்தேன். மொட்டை போட்ட இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி நாள் குறியுங்கள் என்கிற இடத்துக்கு வந்ததும் முகம் சுண்டிப்போய், "பெரியப்பா, இத அனுப்பாதீக" என்றாள். ஏம்மா என்றேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அன்னைக்குக் காலையில வரைக்கும் சொல்லத்தான் பாத்தேன். அப்பாட்ட ஆரம்பிச்சா சமையக்காரரு போன் வந்துரும், அம்மாட்ட ஆரம்பிச்சா அழுதுருவாக. நீங்க மைக்கப் புடிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு" என்றாள். மாப்பிள்ளை மேல் ஏதாவது குறையா என்று கேட்டேன். "அவுக மேல ஒரு குறையும் இல்ல, இருந்தா லேசாச் சொல்லிருப்பேன்ல. எனக்கு மனசு ஒட்டல, அம்புட்டுத்தான். அவுக பூட்டி பேரு வரைக்கும் விசாரிச்சீக. என்னய ஒரு வார்த்த கேட்டீகளா?" என்றாள். தகப்பனிடம் தானே சொல்லிக்கொள்கிறாளாம், கொஞ்சம் அவகாசம் வேண்டுமாம்.

அண்ணாச்சி, மேலே எழுதியதெல்லாம் நிஜம். தங்களிடம் இரண்டாவது தடவையும் பொய் சொல்ல மனசில்லாததால் கிழிக்காமல் அனுப்புகிறேன். ஆனால் தயவுசெய்து அதில் கேட்டது எதையும் செய்ய வேண்டாம். பங்காளி முறை என்று நின்றுபோனால் பெண் மேலும் பழியில்லை, தங்கள் பிள்ளை மேலும் பழியில்லை. ஊர் கேட்டால், விசாரித்ததில் பங்காளிதான் என்று தெரிந்தது என்று சொல்லிவிடுங்கள். நானும் சாகிறவரை அப்படியே சொல்கிறேன், நம்பாதவர்கள் வைக்கிற பைத்தியம் என்கிற பேர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ராம்குமாருக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கும்போது, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று சொர்ணலட்சுமி அம்மாளை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். மைக்கில் கத்தியதற்கு வெட்கப்பட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த வெட்கம் இப்போது போய்விட்டது. வீட்டுக்குப் பெரியவனாக இருந்துகொண்டு கீர்த்திகாவை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே, அது எப்படிப் போகும் என்றுதான் தெரியவில்லை.